போஸ்ட்கிரெஸ், ஜாவா, பைத்தான், நடுவில் வெப் சர்வீஸ்: பத்து வருடத்துக்கும் மேலான அனுபவம்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 9.3 பதிப்பு வெளிவந்தது 2013-இல். நான் உள்ளே நுழைந்தது அந்தப் பதிப்பில்தான். இப்போது 16-இல் இருக்கிறேன். ஆர்டர்களை வாங்கிப் பதியும் பக்கம் ஜாவா, அறிக்கைகளுக்கும் இரவு நேர வேலைகளுக்கும் பைத்தான், இரண்டையும் சுற்றி, நெட்வொர்க் வழியாக ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும் வெப் சர்வீஸ்கள். இதுதான் என் அன்றாடம். இத்தனை வருடத்தில் கமிட் ஆன, அதாவது உறுதியாகப் பதிந்த, டேபிளின் ஒரு வரிசையைக்கூட போஸ்ட்கிரெஸ் தொலைத்ததில்லை. ஜாவா மீதும் பைத்தான் மீதும் எனக்குக் குறையில்லை. என் தூக்கத்தைக் கெடுத்த ஒவ்வொரு பிரச்சினையும் இவை ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் முளைத்தது. அந்த இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ட்ரிகர் கதை. டேபிளில் மாற்றம் நடந்ததும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் ஃபங்ஷன்தான் ட்ரிகர். ஆர்டர் டேபிளில் புதிய வரிசை விழுந்ததும் வாடிக்கையாளருக்குச் செய்தி போக வேண்டும். செய்தி அனுப்புவது தனி வெப் சர்வீஸ். டேட்டாபேஸுக்குள்ளேயே பைத்தானில் ஃபங்ஷன் எழுதலாம் என்று தெரிந்ததும், அங்கிருந்தே ஹெச்டிடிபி அழைப்பைப் போட்டுவிட்டேன். இருபது வரி கூட இல்லை. எந்த வழியாக ஆர்டர் வந்தாலும் செய்தி தவறாமல் போகும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டேட்டாபேஸுக்குள் பொதுமொழியை ஓட்டும் எண்ணம் புதியதும் இல்லை. ஆரக்கிள் தொண்ணூறுகளின் கடைசியிலேயே 8ஐ பதிப்பில் ஜாவாவை உள்ளே உட்கார வைத்துவிட்டது.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் செய்தி அனுப்பும் சர்வீஸ் மெதுவானது. நிற்கவில்லை, மெதுவானது. ட்ரிகருக்குள் இருந்த அழைப்புக்கு நான் டைம்அவுட், அதாவது காத்திருப்பு வரம்பு, எதுவும் கொடுத்திருக்கவில்லை. அழைப்பைப் போடும் பைத்தானின் யூஆர்எல்லிப் நூலகம் தானாக ஒரு வரம்பும் வைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு ஆர்டரும் பதில் வரும் வரை, தன் மாற்றங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டும் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதே டிரான்சாக்‌ஷனில் கையிருப்பு வரிசையும் பூட்டப்பட்டிருந்ததால், அதே பொருளைக் கேட்ட மற்ற ஆர்டர்கள் பின்னால் வரிசையில் நின்றன. ஜாவா பக்கத்தில் கனெக்‌ஷன் பூல் (திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) ஹிகாரி. மாற்றாமல் விட்டால் அதில் 10 கனெக்‌ஷன்தான். பத்தும் மாட்டிக்கொண்டதும் அடுத்து வந்த கோரிக்கைகள் 30 நொடி காத்திருந்து பிழையோடு திரும்பின. ஆர்டரே போடாமல் பொருள் பட்டியலை மட்டும் பார்க்க வந்தவருக்கும் பக்கம் திறக்கவில்லை. எங்கோ ஒரு சர்வீஸ் தூங்கியதற்கு மொத்தத் தளமும் படுத்துவிட்டது.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. ட்ரிகர் செய்தியை அனுப்பிய பிறகு, அதே டிரான்சாக்‌ஷனில் அடுத்து வந்த கையிருப்புக் குறைப்பு ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டில், அதாவது டேபிளின் மதிப்புகளுக்கு வைத்த விதியில், தோற்றது. எல்லாம் ரோல்பேக், அதாவது செய்த மாற்றமெல்லாம் இல்லாமல் போனது. டேட்டாபேஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆர்டர் வரிசை அங்கே இல்லை. ஆனால் ‘உங்கள் ஆர்டர் உறுதியானது’ என்ற செய்தி அதற்குள் ஒருவர் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் எண்ணைச் சொல்லி விசாரித்தபோது நான் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் சொன்னதும் உண்மை, டேபிள் காட்டியதும் உண்மை. நெட்வொர்க்கில் போனதை ரோல்பேக்கால் திரும்பக் கூப்பிட முடியாது என்று படித்திருந்தேன்தான். அது ஒரு மனிதரின் ஏமாற்றமாக எதிரில் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

அந்த ஃபங்ஷன் எழுதும் மொழியின் பெயர் பிஎல்பைத்தான்3யூ. கடைசியில் இருக்கும் ‘யூ’ என்பது நம்பத்தகாதது என்பதற்கான அடையாளம். சூப்பர்யூசர் மட்டும்தான் அதில் ஃபங்ஷன் உருவாக்க முடியும். அந்த ஓர் எழுத்தை இப்போது மிகவும் மதிக்கிறேன்.

மாற்று ஏற்பாடு பலரும் அவுட்பாக்ஸ் என்று சொல்வது. ஆர்டரைப் பதியும் அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய செய்தியும் ஒரு டேபிளில் ஒரு வரிசையாக விழும். ஆர்டர் ரோல்பேக் ஆனால் செய்தியும் கூடவே போய்விடும். வெளியே பைத்தானில் ஒரு வொர்க்கர் அந்த டேபிளைப் பார்த்து அனுப்பும். இதிலும் நுணுக்கம் இருக்கிறது. வரிசையைப் பூட்டி, பூட்டோடே ஹெச்டிடிபி அழைப்பு போனால் பழைய நோய்தான் வேறு வீட்டுக்குக் குடிபோகிறது. அதனால் என் வொர்க்கர் ‘ஸ்கிப் லாக்டு’ போட்டு, வேறொருவர் பூட்டியதைத் தாண்டி ஒரு வரிசையை எடுக்கும், ‘எடுத்தாச்சு’ என்று நேரத்தோடு குறித்து கமிட் செய்யும், அதற்கப்புறம்தான் வெளியே அழைக்கும். பதில் வந்ததும் இன்னொரு குட்டி டிரான்சாக்‌ஷனில் ‘முடிந்தது’ என்று எழுதும். நடுவில் வொர்க்கர் செத்தால், குறித்த நேரம் பழையதானதும் வேறொரு வொர்க்கர் அதை எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரே செய்தி இரண்டு முறை போக வாய்ப்பு உண்டு. அதை மறைக்க முடியாது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, வாங்கும் பக்கம் ‘இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்’ என்று தள்ளச் சொல்வதுதான் வழி. எங்களுக்கு உள்ளே வரும் கோரிக்கைகளுக்கும் அதையே செய்தேன். மொபைல் ஆப் பதில் வராமல் அதே ஆர்டரை மறுபடி அனுப்பினால், அந்த எண்மீது இருக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் இரண்டாவதைத் தடுத்துவிடும். ‘ஆன் கான்ஃபிளிக்ட்’ (மோதினால் என்ன செய்வது என்று சொல்லும் கட்டளைப் பகுதி) 9.5-இல் வந்த பிறகு இது ஒரே வரியில் முடிகிறது. ஸ்கிப் லாக்டும் அதே 9.5-இல்தான் வந்தது. என் வேலையை அதிகம் இலகுவாக்கிய பதிப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைச் சொல்வேன்.

வொர்க்கரை எழுப்ப போஸ்ட்கிரெஸின் லிசன் (கேட்பது), நோட்டிஃபை (அறிவிப்பது) கட்டளைகளை வைத்திருக்கிறேன். நோட்டிஃபை கமிட் ஆனால்தான் போய்ச் சேரும் என்பது இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கேட்பவர் அந்த நேரத்தில் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே அதை அழைப்பு மணியாக மட்டும் வைத்துக்கொண்டு, மணி அடிக்காவிட்டாலும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வொர்க்கர் டேபிளை எட்டிப் பார்க்கும்.

அடுத்தது ஜேடிபிசி, ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி. பல லட்சம் வரிசைகளை சிஎஸ்வி ஆக்கித் தரும் ஒரு வசதி எழுதினேன். ரிசல்ட் செட்டை ஒவ்வொன்றாக நகர்த்தி எழுதும் சாதாரண லூப்தான். மெமரி தீர்ந்து, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் விழுந்தது. லூப்பின் முதல் வரிகூட ஓடவில்லை என்பதை லாக் காட்டியபோது வெகுநேரம் புரியவில்லை. போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர், நாம் வேறு சொல்லாதவரை, மொத்த விடையையும் முதலில் மெமரிக்கு இழுத்துவிடும். துண்டு துண்டாக வர வேண்டுமானால் ஃபெட்ச் சைஸ் (ஒரு முறைக்கு எத்தனை வரிசை) வைக்க வேண்டும், ஒவ்வொரு கட்டளையையும் தானாக கமிட் செய்யும் ஆட்டோகமிட்டையும் அணைக்க வேண்டும். ஃபெட்ச் சைஸ் மட்டும் வைத்துவிட்டு ஆட்டோகமிட்டை விட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பழையபடியே நடக்கும். நான் ஒரு வாரம் இழந்தது அந்த இரண்டாவது பாதியில். பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸோடு பேசும் சைகாப்ஜி2-விலும் இதே கதைதான். விடையை நகர்த்திப் படிக்கும் கர்சருக்குப் பெயர் வைத்தால்தான் அது சர்வர் பக்கம் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தரும்.

சைகாப்ஜி இன்னொன்றும் செய்யும். வெறும் செலக்ட் ஓட்டினாலும் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிடும், நாம் கமிட் சொல்லும் வரை மூடாது. ஓர் இரவு வேலை, வாடிக்கையாளர் பட்டியலை ஒரு செலக்டில் எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வெப் சர்வீஸை அழைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடியது. படிக்கத்தானே செய்கிறது என்று விட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து அந்த டேபிளில் புதிய புலம் சேர்க்க ஆல்டர் டேபிள் கொடுத்தேன். ஆல்டர் அந்த செலக்டின் பூட்டுக்காகக் காத்திருந்தது. ஆல்டருக்குப் பின்னால் வந்த எல்லாக் குவெரிகளும் ஆல்டருக்காகக் காத்திருந்தன. யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜிஸ்டாட்ஆக்டிவிட்டியில் பார்த்தால் அந்தக் கனெக்‌ஷன் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று அமைதியாக உட்கார்ந்திருந்தது. இப்போது ஆல்டர் கொடுப்பதற்கு முன் லாக் டைம்அவுட்டை சில நொடிகளாக வைக்காமல் நான் எதையும் தொடுவதில்லை. டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் கனெக்‌ஷனை அறுக்கும் அமைப்பு 9.6-இலிருந்து இருக்கிறது, அதையும் போட்டிருக்கிறேன்.

டேபிள் வரிசைகளை நிரலின் பொருள்களாக மாற்றித் தரும் ஓஆர்எம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு நூறு ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாடிக்கையாளர் பெயர், ஆக 101 குவெரி. எல்லோரும் ஒருமுறை பார்த்திருப்பார்கள். பதிவதற்கு ஓஆர்எம்மை வைத்துக்கொண்டேன், பட்டியலுக்கும் அறிக்கைக்கும் எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதுகிறேன். ரிலேஷனல் டேட்டாபேஸ் கருத்தைத் தந்த காட் 1970-இல் எழுதிய கட்டுரையின் ஆதாரம் கணங்களோடு கணங்களைச் சேர்ப்பது. அந்த வேலையை ஜாவா லூப்பில் செய்யும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கனெக்‌ஷன்கள் பெருகியதும் நடுவில், அவற்றைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்தேன். சோதனையில் எல்லாம் ஓடியது. உண்மையான சுமையில் ‘எஸ்_1 ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழை மழையாகக் கொட்டியது. ஜேடிபிசி டிரைவர் ஒரே ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்த குவெரி) ஐந்தாவது முறை ஓடும்போது அதற்கு சர்வரில் ஒரு பெயர் வைக்கும். பிஜிபவுன்சரோ ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் வேறு கனெக்‌ஷனைக் கொடுக்கும். யாரோ வைத்த பெயர் இங்கே மோதுகிறது. சோதனையில் எதுவும் ஐந்து முறை ஓடாததால் தெரியவில்லை. அந்த வரம்பை 0 ஆக்கி அப்போதைக்குச் சமாளித்தேன். 2023-இல் வந்த பிஜிபவுன்சர் 1.21 முதல், அதற்குரிய அமைப்பை இயக்கினால் அதுவே இந்தப் பெயர்களைக் கவனித்துக்கொள்கிறது. மாறிய பிறகு அந்தப் பிழை ஒருமுறைகூட வரவில்லை.

கடைசியாக ஜேசான், சர்வீஸ்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம். 64 பிட் அடையாள எண்களை அப்படியே எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தேன். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாகப் பிடிக்கக்கூடிய முழு எண்ணுக்கு எல்லை 2-இன் 53-ஆம் அடுக்கு. 9007199254740993 என்று அனுப்பினால் அங்கே 9007199254740992 ஆகிவிடும். ஒரு ஆர்டரைச் சொடுக்கினால் இன்னொருவருடைய ஆர்டர் எண்ணைக் கேட்டது. உரிமைச் சோதனை சர்வரில் இருந்ததால் எதுவும் கசியவில்லை. அதைப் பார்த்த அன்றே எல்லா அடையாள எண்களையும் எழுத்துச் சரமாக மாற்றினேன். பணத்தொகையும் அப்படித்தான். டேட்டாபேஸில் நியூமரிக், ஜாவாவில் பிக்டெசிமல், பைத்தானில் டெசிமல் என்று கவனமாகக் கொண்டுவந்துவிட்டு, பைத்தானின் ஜேசான் டெசிமலை ஏற்க மறுக்கிறது என்பதற்காக அந்த ஒரு வரியில் தோராயமான ஃப்ளோட் ஆக்கினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

இன்று புதிதாக ஆரம்பித்தாலும் இதே கூட்டணியைத்தான் தேர்ந்தெடுப்பேன். விதிகள் டேட்டாபேஸில் கன்ஸ்ட்ரெய்ன்ட்களாக இருக்கும், நெட்வொர்க் முழுக்க வெளியே இருக்கும், எந்த அழைப்பும் டைம்அவுட் இல்லாமல் போகாது. ஆர்டர் டேபிளில் அந்த ட்ரிகர் இன்னும் இருக்கிறது. இப்போது அது போஸ்ட்கிரெஸின் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதியது, அவுட்பாக்ஸில் ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டு நோட்டிஃபை கொடுக்கும். முடிந்துபோன அவுட்பாக்ஸ் வரிசைகளை இரவில் நீக்குவதற்குப் பதில், டேபிளை நாள்வாரியாகப் பிரித்துப் பழைய பகுதியை அப்படியே கழற்றிவிடும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறேன்.