302-தானே என்று ஏமாந்தவன் எழுதும் மெஷின் ஷாப் விமர்சனம்

என்னுடையது 1969 ஃபோர்டு மஸ்டாங். 302 கன அங்குல எஞ்சின், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 8 இன்ச் ஆக்சில். பழைய பிளாக்கில் விரிசல் விட்டதும், 80-களின் கடைசியில் வந்த ஒரு மஸ்டாங்கிலிருந்து இறக்கிய 5.0 லிட்டர் எஞ்சினைப் பழைய கார் யார்டில் வாங்கிவந்தேன். பேர்தான் வேறு, அதுவும் 302-தானே, போர் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3 அங்குலம், அப்புறம் என்ன யோசனை என்று தைரியம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பல் வைத்த தட்டான ஃப்ளெக்ஸ்பிளேட் பழையதில் பற்கள் தேய்ந்திருந்ததால் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், '302-க்குப் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். பொருந்தத்தான் செய்தது. என் பழைய புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) 3 ஓட்டை, புது எஞ்சினின் பேலன்சரில் (கிராங்க் தண்டின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) 4 ஓட்டை, அதனால் பழைய பேலன்சரையே கழற்றி முன்னால் மாட்டிவிட்டேன். அதுவும் அழகாக உட்கார்ந்தது.

2000 ஆர்பிஎம் தாண்டியதும் அதிர்வில் கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரிந்தது.

இப்படித்தான் டிட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கும், எஞ்சின் வேலை செய்யும் இந்த மெஷின் ஷாப்புக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது, ஷட்டரில் கதவு எண் மட்டும். கடைக்காரப் பெரியவர் எஞ்சினைத் தொடவே இல்லை, முதலில் ஃப்ளெக்ஸ்பிளேட்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அதன் ஓரத்தில் வெல்டு வைத்திருந்த இரும்புத் துண்டை விரலால் தட்டி, "இது 28, உன் எஞ்சின் கேட்பது 50" என்றார். ஃபோர்டு இந்த எஞ்சினில் கிராங்கின் சமநிலைக்கு வேண்டிய எடையில் ஒரு பகுதியை வெளியே, முன்னால் பேலன்சரிலும் பின்னால் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் வைத்திருக்கிறது. பழைய 302-க்கு அது 28 அவுன்ஸ்-இன்ச் (சுருக்கமாக 28 அவுன்ஸ் என்பார்கள்), 80-களின் ஆரம்பத்தில் 50 ஆக்கிவிட்டார்கள். கிராங்கில் மாட்டும் இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, அதுதான் வம்பு. நான் இரண்டு முனையிலும் தப்பானதை மாட்டியிருந்தேன். கிராங்கையே மறுபடி பேலன்ஸ் செய்கிறேன் என்று அவர் 300 டாலர் கறந்திருக்கலாம், நானும் கொடுத்திருப்பேன். "தேவையில்லை, 50 அவுன்ஸ் ஃப்ளெக்ஸ்பிளேட் ஒன்று வாங்கு, 3 ஓட்டையும் 4 ஓட்டையும் போட்ட 50 அவுன்ஸ் பேலன்சர் ஒன்று வாங்கு" என்று முடித்துவிட்டார். பல் 157 இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னார், 164 வந்தால் என் பெல் ஹவுசிங்கில் (அதை மூடும் கியர்பாக்ஸின் முன் கூடு) இடிக்குமாம்.

எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைப் பெரியதாகப் போட வேண்டும். கேட்டதும் அவர் பதில் சொல்லாமல் டயர் உயரம் என்ன, பின் ஆக்சில் கியர் என்ன என்றார். 26 அங்குலம், 2.79. ஒரு அட்டைப்பெட்டி மூடியில் சாக்பீஸால் கணக்குப் போட்டார்: 60-ஐ 336-ஆலும் (மைலையும் அங்குலத்தையும் ஆர்பிஎம்மாக மாற்றும் நிலையான எண்) 2.79-ஆலும் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 2160 சொச்சம். மணிக்கு 60 மைலில் என் எஞ்சின் சுற்றும் வேகம் அவ்வளவுதான். நான் ஆசைப்பட்ட கேம் 2500-க்கு மேல்தான் இழுக்கவே ஆரம்பிக்கும். அதைப் போட்டால் எஞ்சினின் சக்தியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டரும் மாற்ற வேண்டும், கியரும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலில் பக்கத்து மினிவேன்கூட முந்திப் போகும். சிறிய கேம் ஒன்றைச் சொன்னார், கியரை 3.25 ஆக்கச் சொன்னார். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் மூடியில் இருந்த கணக்கோடு எப்படிச் சண்டை போடுவது?

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் விடவில்லை. 5.0-வில் இருப்பது ரோலர் கேம் (உருளை வைத்த லிஃப்டர்களைத் தள்ளுவது), அதோடு சேர்ந்து சுற்ற டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்டீல் கியர் வேண்டும். என் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் வார்ப்பிரும்புக் கியரை அப்படியே போட்டிருந்தால் கொஞ்ச நாளில் அரைந்து ஆயிலில் கலந்திருக்கும். ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) பழைய 1-5-4-2-6-3-7-8 இல்லை, புது கேமுக்கு 1-3-7-2-6-5-4-8. கன்வெர்ட்டரை அவரே சி4-க்குள் ஏற்றினார். சுற்றிக்கொண்டே தள்ள 'டக்' என்று ஒருமுறை இறங்கியது, நான் கையை எடுத்தேன், அவர் முறைத்தார். இன்னும் இரண்டு 'டக்' கேட்ட பிறகுதான் விட்டார். பாதியில் நிறுத்தி போல்ட்டைப் போட்டு இறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), பேரிங், கேம் எல்லாம் சேர்த்து 6 வாரம் என்றார், 10 ஆனது. போனை எடுப்பதே இல்லை, நேரில் போனால்தான் பதில். பில்லில் பாதி கிரீஸ் கறை, தொகை 8-ஆ 3-ஆ என்று அவரையே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கார்டு வாங்குவதில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், குறைத்த அந்த அரை போனுக்காக. ஆக்சில் வேலை அவர் செய்வதில்லை, அதற்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை 2.79-லேயே ஓடுகிறது. கண்ணாடியில் இப்போது ஒரே கார்தான் தெரிகிறது.