கோத்தகிரிப் பனியில் கழுகு பார்க்க: பைனாகுலரா, ஜூம் கேமராவா?

மூன்று குளிர்காலமாகக் கோத்தகிரியில் பருந்து, கழுகு வகைகளைப் பிரித்தறியப் பழகி வருகிறேன். முதலில் வாங்கியது 83 மடங்கு ஜூம் கேமரா. இப்போது கழுத்தில் தொங்குவது 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.). விலை, எடை, பேட்டரி எல்லாவற்றிலும் பைனாகுலர் பக்கம்தான் லாபம். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கேமராவைக் குறை சொல்லும் முன் அது செய்த ஒரு நல்ல காரியம். ஒரு ஜனவரி காலை, கோடநாடு காட்சிமுனை. வெயில் ஏறிப் பத்து மணிவாக்கில் காற்று சூடானதும் மோயாறு பள்ளத்தாக்கிலிருந்து பறவைகள் நம் காலுக்குக் கீழே வட்டமடித்து மேலே வரும். அன்று வந்த பழுப்புப் பறவை ஒன்றைக் கள்ளப்பருந்து என்று தள்ளிவிட்டேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கினால் வாலில் பிளவு இல்லை. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், முன்புறம், பக்கத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, ஜீப்பின் முகப்பு விளக்கு மாதிரி. பூட்டட் ஈகிள்! குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் சின்னக் கழுகு. அன்று படம் இல்லையென்றால் அது கள்ளப்பருந்தாகவே கணக்கில் ஏறியிருக்கும்.

ஆனால் முழு ஜூமில் கேமராவுக்குத் தெரியும் வானம் ஏறக்குறைய ஒரு பாகைதான்; பைனாகுலரில் ஏழெட்டு பாகை. பறக்கும் பறவையைக் கேமராவில் தேடிப் பிடிப்பதற்குள் மூட்டம் இறங்கிவிடும். அதோடு, கழுகு இனங்களை இறகைவிடப் பறக்கும் தினுசில்தான் முதலில் அடையாளம் காண முடியும். எங்கள் பக்கத்து எஸ்டேட் வாட்சர் கண்ணாலேயே சொல்வார்: "கத்திக்கிட்டே சுத்துனா பாம்பு பிடிக்கிறது, சார். சத்தமில்லாம மரத்தை உரசுற மாதிரி மெதுவாப் போனா கருப்பு." குடுமிப் பாம்புக்கழுகு, கருங்கழுகு இரண்டும் அதில் அடங்கிவிட்டன. கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு வகை காற்றில் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும், தலை மட்டும் ஆடாது. கருந்தோள் பருந்தும் அப்படி நிற்கும், ஆனால் அது வெள்ளை; கெஸ்ட்ரலின் முதுகு செங்கல் நிறம். நின்றுபோன படத்தில் இந்த அசைவு வராது.

சரி, கேமரா என் கையை விட்டுப் போனதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. பூசணம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் இங்கே செருப்பு, பெல்ட், பீரோவில் மடித்து வைத்த கோட்டு வரை பூத்துவிடும். ஜூம் குழல் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது தள்ளும். சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு காலையில் நூறு தடவை அடித்தால் பனிமூட்டத்தின் ஈரம் எங்கே போகும்?

நானும் சும்மா இருக்கவில்லை. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். மழை நாட்களில் வாரம் ஒருமுறை பழைய வாணலியில் சிறு தீயில் வறுப்பேன். படபடவென்று வெடித்து மறுபடி நீலமாகும். (சமையல் வாணலி வேண்டாம், அந்த நீலம் விஷம்.) இத்தனைக்கும் இரண்டாவது டிசம்பரில் டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸின் உள்ளே, ஓரத்தில், சிலந்தி நூல் மாதிரி நார்கள். கோவையில் ஒரு கடையில் காட்டினேன். முழுக்கப் பிரிக்க வேண்டும், கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது என்றார்கள். விற்கப் போனேன். பூசணம் என்று சொன்னதும் பேரம் பாதி விலையில்தான் தொடங்கியது.

நல்ல பைனாகுலரில் உள்ளே நைட்ரஜன் அடைத்து ரப்பர் வளையத்தால் மூடியிருப்பார்கள். ஈரம் உள்ளே போக வழியில்லை. பெட்டியில் வாட்டர்ப்ரூஃப், நைட்ரஜன் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடைக்காத மலிவு ரகத்துக்கும் கேமராவின் கதிதான். வெளிக் கண்ணாடியில் விரல் ரேகையை விட்டுவைக்காதீர்கள், பூசணத்துக்கு அந்த எண்ணெய்தான் சாப்பாடு. குளிரிலிருந்து அடுப்படிக்குள் வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் கண்ணாடி வேர்க்காது.

10×42 பற்றிக் கேட்பார்கள். நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு காலைதான் பார்த்தேன். ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது படம் ஆடியது, மூட்டத்தில் கொஞ்சம் இருட்டாகவும் பட்டது. நீலகிரியின் வடக்கு அடிவாரத்துச் சீகூர் பக்கம் தொலைவில் சுற்றும் பாறுகளுக்கு (பிணந்தின்னிக் கழுகுகள்) ஒருவேளை அதுவே தேவலையோ என்னவோ. பெரிய லென்ஸ் போட்ட மிரர்லெஸ் கேமரா நான் தொட்டதே இல்லை.

கேமரா போன பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பழுப்பாக எது சுற்றினாலும் முதலில் வாலில் பிளவு இருக்கிறதா என்று பார்க்கிறேன், அப்புறம் அந்த இரண்டு வெள்ளைப் பொட்டு. இந்த ஜனவரியில் கோடநாட்டில் ஒன்று நம் பக்கம் திரும்பியபோது பைனாகுலரிலேயே தெரிந்தது.