நிகழ்ச்சிக்கான இணையதளம்: எந்த அமைப்பில் விவரம் சட்டென்று கிடைக்கிறது?

என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, கட்டணம் உண்டா, முன்பதிவு இன்னும் திறந்திருக்கிறதா. நிகழ்ச்சி இணையதளத்தைத் திறக்கிற ஆளுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த ஐந்துதான். முதல் திரையில் அவருக்குக் கிடைப்பதோ தானாக ஓடும் வீடியோ, பெரிய சின்னம், 'மறக்க முடியாத அனுபவம்' என்று ஒரு வரி. தேதியைப் பார்க்க இரண்டு திரை கீழே இறங்க வேண்டும். இடத்தைப் பார்க்க 'எங்களைப் பற்றி'க்குள் நுழைய வேண்டும்.

இதைச் சரிசெய்ய நினைப்பவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடைபோட ஓர் அளவுகோல் வேண்டுமே. தளத்துக்கு வருபவர்கள் மூன்று வகை: சில வாரம் முன்னால் 'போகலாமா' என்று யோசிப்பவர், ஒன்றிரண்டு நாள் முன்னால் 'எந்த அமர்வுக்கு' என்று திட்டமிடுபவர், அன்றைக்கே வழியில் நின்றுகொண்டு வாசலைத் தேடுபவர். மூன்றாமவர் கையில் கைபேசி மட்டும்தான். சிக்னல் சுமார், பொறுமை அதைவிடச் சுமார். அவருக்கு உதவாத ஏற்பாடு மற்ற இருவருக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் என் கணக்கில் தோற்றதுதான். கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் அவரை மனத்தில் வைத்துச் சொன்னவை.

சொந்தத் தளம், சமூக ஊடகப் பக்கம், டிக்கெட் தளம், செயலி

சமூக ஊடகப் பக்கம் ஆட்களை இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பதிவுகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். இடமாற்ற அறிவிப்பு மேலே ஏறும், அதற்கு மேல் நன்றி அறிவிப்பு ஏறும், பழைய இடம் போட்ட பதிவு மட்டும் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு இல்லாதவரை உள்ளே நுழையச் சொல்லித் தடுப்பதும் உண்டு. அறிவிக்க நல்ல இடம், விவரங்களை வைக்க நல்ல இடமல்ல.

டிக்கெட் தளங்களை வடிவமைப்பாளர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதி, நேரம், இடம் மூன்றுக்கும் அங்கே நிலையான இடம் இருக்கிறது. நிரப்பாமல் வெளியிட விடாது. ஒரே மேடை, ஒரே மாலை என்றால் அந்தப் பக்கமே போதும், தனித்தளம் கட்டுவது வீண் வேலை. பல அரங்கம், பல நாள் என்று விரியும்போதுதான் அது திணறும். அப்புறம், உங்கள் பக்கத்தின் அடியிலேயே 'இதையும் பாருங்கள்' என்று வேறு நிகழ்ச்சிகளைக் காட்டும்.

செயலி? நேரம் மாறினால் உடனே தட்டிச் சொல்லும், நெட் இல்லாமலும் அட்டவணை காட்டும். இரண்டுமே பெரிய பலம். ஆனால் அன்று காலை வழியில் நிற்பவரிடம் 'முதலில் இதை நிறுவுங்கள்' என்றால் அவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பல நாள் மாநாட்டுக்குக் கூடுதல் வசதியாக இருக்கட்டும். விவரம் அதற்குள் மட்டும்தான் என்ற நிலை கூடாது.

ஒற்றை நீளப் பக்கமா, பல பக்கங்களா?

ஒற்றைப் பக்கத்தின் பெரிய நன்மை, ஒரு தடவை இறங்கினால் எல்லாம் கையில் இருக்கும். சிக்னல் போனாலும் பக்கம் திறந்திருக்கும்வரை உருட்டிப் படிக்கலாம். உலாவியின் 'பக்கத்தில் தேடு' வசதியில் பேச்சாளர் பெயரைத் தட்டினால் நேரே அங்கே போகும். குறை என்று சொல்வது, ஒரு பகுதியை மட்டும் பகிர முடியாது என்பது. உள் இணைப்புகள் வைத்தால் அதுவும் தீரும்.

பல பக்கத் தளத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் தனி முகவரி உண்டு, தேடுபொறியும் நேராக அங்கே கொண்டுவந்து விடும். சிக்கலும் அங்கேதான். பேச்சாளர் பக்கத்தில் வந்து இறங்கியவருக்கு நிகழ்ச்சி என்றைக்கு என்பதே தெரியாது. முகப்பில் தேதி போட்டாயிற்று என்று அமைப்பாளர் நினைத்திருப்பார். வந்தவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. அதனால் பல பக்கம் என்று முடிவெடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, இடம், முன்பதிவு இணைப்பு கொண்ட ஒரு பட்டை இருந்தே ஆக வேண்டும்.

மெனுவை மூன்று கோட்டுக்குள் மறைப்பதா, வெளியே எழுதுவதா என்பது இதோடு ஒட்டிய கேள்வி. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, முதன்மை மெனுவை மறைத்தால் உள்ளே இருப்பது கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்றது. நிகழ்ச்சித் தளத்துக்கு நான்கைந்து இணைப்புக்கு மேல் தேவைப்படாது. அட்டவணை, இடம், முன்பதிவு, தொடர்பு. கைபேசியிலும் ஒரு வரியில் அடங்கிவிடும். மறைக்க என்ன அவசியம்?

சின்ன நிகழ்ச்சிக்கு ஒற்றைப் பக்கம். அமர்வுகள் பல பத்து என்று போகும்போது அட்டவணையை மட்டும் தனிப் பக்கமாக்கலாம். கேள்வி-பதிலை மடித்து வைக்கிற வழக்கம் பற்றி ஒரு வார்த்தை: மடிப்புக்குள் இருக்கும் சொல்லைப் 'பக்கத்தில் தேடு' கண்டுபிடிப்பது உலாவியையும் மடித்த விதத்தையும் பொறுத்தது. மடிப்புக்கென்றே எச்டிஎம்எல்லில் உள்ள details உறுப்பில் எழுதியிருந்தால் க்ரோம் 2022 முதல் தானே பிரித்துக் காட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் வைத்து மறைத்ததை அப்படிக் காட்டாது. வாகனம் நிறுத்தும் இடத்தை அதற்குள் ஒளித்து வைக்க வேண்டாம்.

அட்டவணை: படம், பிடிஎஃப், விரிதாள், எழுத்துப் பக்கம்

சண்டை அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

சுவரொட்டிப் படம் வாட்ஸப்பில் பறக்கும். இணைப்பைச் சொடுக்காதவர்கூடப் படத்தைப் பார்ப்பார். ஆனால் படத்துக்குள் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், முகவரியை நகலெடுத்து வரைபடத்தில் ஒட்ட எல்லாக் கைபேசியும் உதவாது. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு, படத்தை விவரிக்கும் மாற்று உரை எழுதாவிட்டால் அது வெற்று இடம். எழுத்தைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே வையுங்கள் என்பது, மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில் நெடுநாளாக இருக்கும் விதி. இவற்றையெல்லாம்விட மோசமானது, ஒரு அமர்வின் நேரம் மாறினால் நூறு குழுக்களில் சுற்றும் பழைய படத்தை யாராலும் திரும்பப் பெற முடியாது. படம் வேண்டும் என்றால் அதில் தேதி, இடம், தள முகவரி மட்டும் இருக்கட்டும். அடிக்கடி மாறக்கூடிய எதையும் படத்தில் அடைக்காதீர்கள்.

பிடிஎஃப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது: இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமல் திறக்கும், அச்சிட்டு வாசலில் ஒட்டலாம். ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடி அலைவரிசை நெரியும்போது இது சின்ன விஷயமல்ல. ஆனால் ஏ4 தாளுக்குக் கட்டிய பக்கத்தைக் கைபேசியில் படிப்பவர் இரண்டு விரலால் விரித்து, இடவலமாக இழுத்து, எந்த வரிசை எந்த அரங்கம் என்று தலைப்பைத் தேடிக்கொண்டிருப்பார். தேடுபொறி வழியாக நேரே பிடிஎஃப்பில் வந்து விழுந்தவருக்குத் தளத்துக்குப் போக வழியும் இருக்காது. இறக்கிய பிரதி பழையதாகிவிட்டது என்பதையும் அது சொல்லாது. கொடுப்பதானால் எழுத்துப் பக்கத்துக்குத் துணையாகக் கொடுங்கள். முதல் வரியிலேயே 'இந்த நாள், இந்த மணி நிலவரப்படி' என்று அச்சிடுங்கள்.

பகிர்ந்த விரிதாள் தன்னார்வலர்களுக்கு வரப்பிரசாதம். நாலு பேர் ஒரே நேரத்தில் திருத்தலாம், கடவுச்சொல் தொல்லை இல்லை. பார்வையாளருக்கோ தளத்துக்குள் ஒரு சின்னச் சன்னல், அதற்குள் இன்னொரு உருட்டு. உள்ளே வேலைக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்து பக்கத்தை உருவாக்குவதுதான் சரி.

மிச்சம் இருப்பது சாதாரண எழுத்துப் பக்கம். அதிலும் கட்டமா, பட்டியலா என்ற உள்பிரிவு உண்டு. அரங்கங்களை மேலேயும் நேரத்தை இடப்பக்கமும் வைத்த கட்டம், கணினித் திரையில் திட்டமிடுபவருக்கு அருமை: ஒரே நேரத்தில் மோதும் அமர்வுகள் பளிச்சென்று தெரியும். கைபேசியில் அதே கட்டம் நொறுங்கிவிடும். அங்கே நேர வரிசைப் பட்டியல்தான் வெல்லும். ஒவ்வொரு வரியிலும் அரங்கத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். பிரசல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபோஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு நல்ல மாதிரி. நூற்றுக்கணக்கான பேச்சுகள், ஆனாலும் அட்டவணை வெறும் எழுத்துப் பக்கம். கூடவே பிற செயலிகள் எடுத்துக்கொள்ளும்படி தரவுக் கோப்புகள். பார்க்க ஆடம்பரம் இல்லை. தேடினால் கிடைக்கும்.

'நாட்காட்டியில் சேர்' பொத்தானிலும் இரண்டு வகை. ஐகேலண்டர் கோப்பை இறக்கிக்கொள்வது ஒன்று. இந்த வடிவம் 1998இலேயே தரப்படுத்தப்பட்டு 2009இல் புதுப்பிக்கப்பட்டது, பெரும்பாலான நாட்காட்டிச் செயலிகள் படிக்கும். ஆனால் இறக்கியபின் அது மாறாது. சந்தா இணைப்பாகக் கொடுத்தால் நீங்கள் திருத்துவது அங்கேயும் போய்ச் சேரும். உடனே என்று நம்பிவிட வேண்டாம்; நாட்காட்டி எப்போது புதுப்பிக்கிறதோ அப்போதுதான், பல மணி நேரம்கூட ஆகலாம். ஒரே அமர்வுக்குக் கோப்பு, பல நாளுக்குச் சந்தா.

தேதியை எழுதும் விதம்

03/04 என்றால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? படிப்பவர் எந்த நாட்டு வழக்கத்தில் வளர்ந்தார் என்பதைப் பொறுத்தது. மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. கிழமையும் சேர்ந்தால் அது ஒரு சரிபார்ப்பாகவும் ஆகும். ஆண்டு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தேடுபொறி போன வருடத்துப் பக்கத்தையும் காட்டும்.

'இன்னும் 12 நாள் 4 மணி' என்று ஓடும் கடிகாரம் தேதிக்குப் பதிலாகாது. விடுப்பு விண்ணப்பத்தில் அதை எப்படி எழுதுவது?

நேர மண்டலத்தில் ஒரு நுணுக்கம். பார்ப்பவர் ஊர் நேரத்துக்குத் தானாக மாற்றிக் காட்டுவது இணையவழி நிகழ்ச்சிக்கு நல்லது. நேரில் நடப்பதற்கு அது ஆபத்து: வேறு நாட்டில் உட்கார்ந்து பயணம் திட்டமிடுபவருக்குத் தப்பான மணி தெரியும், அதை அப்படியே குறித்துக்கொள்வார். நேரடி நிகழ்ச்சிக்கு அரங்கம் இருக்கும் ஊரின் நேரம் மட்டும். இணையவழிக்கு இரண்டும், எது எது என்று பெயர் சொல்லி.

வரைபடமா, முகவரியா?

இதில் பெரிய போட்டி இல்லை. பதித்த வரைபடம் கனமானது; பக்கத்தை உருட்டப்போன விரலைப் பிடித்துவைத்துக்கொண்டு தானே நகரும். நகலெடுக்கக்கூடிய முழு முகவரி, வரைபடச் செயலியைத் திறக்கும் இணைப்பு, 'பின்வாசல் வழியாக இரண்டாம் மாடி' என்று ஒரு வரி. வளாகம் பெரியது என்றால் இந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம், வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குத்துக்குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில்தான் நிற்கும்.

முகப்பில் நகரும் படவரிசை பற்றியும் இவ்வளவே போதும்: அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத் தளத்தை வைத்து 2013இல் வெளியான கணக்கில், அதைச் சொடுக்கியவர்கள் சுமார் 1 சதவீதம். அந்தச் சொடுக்குகளிலும் பெரும்பகுதி முதல் படத்துக்கே போனது. தேதியை மூன்றாம் படத்தில் வைத்தவருக்கு வேறு என்ன சொல்ல.

தளத்துக்கு வெளியே தெரிவது

பாதிப் பேர் தளத்துக்குள் வராமலே விவரத்தை அறிந்துகொள்ளலாம், நாம் விட்டால். பகிர்ந்த இணைப்பின் முன்னோட்டத்தில் 'முகப்பு' என்று மட்டும் வருவதா, 'நிகழ்ச்சிப் பெயர், தேதி, ஊர்' என்று வருவதா என்பது ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் குறிச்சொற்களை நிரப்புவதில் இருக்கிறது. தேடுபொறிக்கு ஸ்கீமா.ஆர்க் குறிப்புகள், அதாவது இது பெயர், இது தேதி என்று இயந்திரத்துக்குப் புரியும்படி பக்கத்துக்குள் எழுதி வைப்பவை; நிகழ்ச்சியாக அடையாளம் காண கூகுள் கட்டாயமாகக் கேட்பவை பெயர், தொடங்கும் நேரம், இடம். இவ்வளவுதான்.

நிகழ்ச்சி ரத்தானால் பக்கத்தை நீக்குவதா, வைத்திருப்பதா? நீக்கினால் பழைய இணைப்பில் வருபவர் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, தளம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நேரே கிளம்பிவிடுவார். பக்கம் இருக்கட்டும், முதல் வரியில் ரத்து என்று போட்டு, ஸ்கீமா.ஆர்க் குறிப்பிலும் பழைய தேதியை மாற்றாமல் நிலையை மட்டும் 'ரத்து' ஆக்குங்கள். அதேபோல வருடத்துக்கு ஒரு புதிய முகவரி வாங்குவதைவிட, ஒரே முகவரியில் இந்த வருடத்தை முன்னால் வைத்துப் பழையவற்றை ஆண்டுப் பெயரோடு உள்ளே வைப்பது மேல். மக்கள் சேமித்து வைத்த இணைப்பு வீணாகாது.

கடைசி நேர மாற்றமும் தொடர்பும்

சத்தமில்லாமல் பக்கத்தைத் திருத்திவிடுவது ஒரு வழி. ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவருக்கு எதுவும் தெரியாது, மறுபடி வந்தாலும் எது மாறியது என்று புரியாது. மேலே ஓர் அறிவிப்புப் பட்டை போட்டு, மாறியது எது, எப்போது மாற்றினோம் என்று எழுதுவது இன்னொரு வழி. இரண்டாவதுதான். பழைய நேரத்தையும் அடித்துக் காட்டினால், தான் குறித்து வைத்திருப்பது பழையதா புதியதா என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். மாற்றம் இல்லாத நாளில் அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள். எப்போதும் இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

தொடர்புப் படிவம் அமைப்பாளருக்கு வசதி: கேள்விகள் ஓரிடத்தில் சேரும், எண் வெளியே போகாது. நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னால் அது போதும். நாற்பது நிமிடத்தில் தொடங்கப்போகும் நிகழ்ச்சியின் வாசலைத் தேடுபவருக்கு 'இரண்டு வேலை நாட்களில் பதில் வரும்' என்ற செய்தி எதற்கு? அன்று காலை முதல் படிவத்துக்கு மேலே ஒரு தொலைபேசி எண் வர வேண்டும், தொட்டால் அழைக்கும்படி. அமைப்பாளரின் எண் வேண்டாம், அவர் மேடையில் இருப்பார். வாசலில் நிற்பவரின் எண்.