கட்டுநாயக்கவில் இறங்கி எந்தப் பக்கம்? அதிவேகப் பாதை இணைப்புகள்: ஊர்ப் பயணக் குறிப்பு

காலி, மாத்தறைப் பக்கம் போகிறவர்கள் இப்போது கொழும்பு நெரிசலுக்குள் நுழையத் தேவையில்லை. அதற்குக் காரணம், விமான நிலையப் பாதையும் கொழும்பைச் சுற்றிப் போகும் வெளிச்சுற்றுப் பாதையும் சேரும் கெரவலப்பிட்டி இடைமாறல். தெற்கு அதிவேகப் பாதை 2011இலும் விமான நிலையப் பாதை 2013இலும் திறந்தன. இடையில் தொடர்பே இல்லை. தெற்குப் பாதையைத் தொடும் கொட்டாவையிலிருந்து துண்டு துண்டாக வந்த வெளிச்சுற்றுப் பாதையின் கடைசித் துண்டு, கடவத்தை–கெரவலப்பிட்டி, 2019 நவம்பரில் திறந்த பிறகுதான் மூன்றும் ஒன்றாயின. அந்தத் துண்டு ஒன்பது கிலோமீற்றர் சொச்சம்தான்.

ஆனால் அது முத்துராஜவெலச் சதுப்பை ஒட்டிய நிலம். இத்தகைய மண்ணில் பாதைக்கான மண்மேட்டை நேரே போட்டால் நீர் மெல்லப் பிதுங்கி, வருடக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். மண்ணிலுள்ள நீர் வெளியேறச் செங்குத்து வடிகால் இறக்கி, தேவைக்கு மேல் மண் பாரம் ஏற்றி, அமிழ்வு அடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, மிகையான மண்ணை அகற்றிய பிறகே தார் போடலாம். இல்லாவிட்டால் தூண் நட்டுப் பாலமாகக் கொண்டுபோக வேண்டும். ஆழத்தில் உறுதியான தரையில் ஊன்றிய பாலம் அசையாது, பக்கத்து மேடு இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வாகனம் தூக்கிப் போடுவது இதனால்தான். ஏறி இறங்கும் கிளைப் பாதைகளில் பாலமும் மேடும் சேரும் இந்த இடங்கள் அதிகம். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

கனடா, பிரான்ஸிலிருந்து வந்து தாங்களே ஓட்டுகிறவர்கள் கவனிக்க: வெளியேறும் கிளை இடப்பக்கம். தவறவிட்டால் திருப்ப இடமில்லை, அடுத்த இடைமாறல்வரை போய் வெளியேறித்தான் திரும்பலாம். நுழையும்போது தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், கட்டணம் வெளியேறும் இடத்தில். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. பஸ்ஸில் தெற்கே போகிறவர்களுக்குக் கொட்டாவையை ஒட்டிய மாகும்புர நிலையம் வசதி. ரயிலும் அங்கே நிற்கும்.

வடக்கே போகிறவர்களுக்குத்தான் மனவருத்தம். மத்திய அதிவேகப் பாதையில் கடவத்தையிலிருந்து மீரிகமவுக்கான சுமார் 37 கிலோமீற்றர் முடியாமலிருக்க, அதற்கு அப்பாலுள்ள மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியிலேயே திறந்துவிட்டது. முதல் துண்டு இல்லாமல் இரண்டாவதன் பயன் பாதிதான். அது திறக்கும்வரை யாழ்ப்பாணம் போகிறவர்கள் கடவத்தைப் பக்கம் போகாமல், நீர்கொழும்பு–திவுலப்பிட்டி வழியாக மீரிகமவில் ஏறி, குருநாகல், தம்புள்ளை என்று ஏ9ஐப் பிடிக்கலாம். இல்லையேல் வழமையான புத்தளம் பாதை.