பூட் ஆகவில்லை என்று கொடுத்தேன், ஃபார்மட் செய்து கொடுத்தார்கள்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். கணினி பூட் ஆகவில்லை என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பளிச்சென்று விண்டோஸ் வந்து நின்றது. ஆனால் என்னுடைய ஃபைல் ஒன்றுகூட உள்ளே இல்லை. கேட்டதற்கு ஹார்ட் டிஸ்க்கே கெட்டுப்போயிருந்தது என்று பொய் சொன்னார்கள். அது பொய் என்பதைப் பிறகு நானே சரிபார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். எழுதுவது, மெய்ப்புத் திருத்துவது எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸில். பக்கம் கட்டும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். லேப்டாப் பழையது. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்தது. சி டிரைவில் விண்டோஸ், அப்புறம் காலியாகக் கிடந்த டி டிரைவ், அதற்குப் பின்னால் என் ஃபைல்கள் இருக்கும் 500 ஜிபி லினக்ஸ் பார்ட்டிஷன், கடைசியில் உபுண்டு.

அன்று விண்டோஸில் இருந்தபடியே அந்தக் காலி டி டிரைவை டிலீட் செய்தேன். இடத்தைப் பிறகு லினக்ஸோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி. கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. விண்டோஸும் வரவில்லை, உபுண்டுவும் வரவில்லை. அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் இரண்டு உள்ளே இருந்தன. கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

லேப்டாப்பில் என்ன நடந்திருந்தது என்பதை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு அன்று தெரியாமல் போனது. எம்பிஆர் டிஸ்க்கில் எக்ஸ்டெண்டெட் பகுதிக்குள் இருக்கும் பார்ட்டிஷன்களுக்கு 5, 6, 7 என்று வரிசையாக எண் விழும். டி டிரைவ் 5, என் ஃபைல்கள் 6, உபுண்டு 7. ஐந்தை அழித்ததும் பின்னால் இருந்தவை ஒவ்வொரு எண் முன்னால் நகர்ந்துவிட்டன. உபுண்டு இப்போது 6. ஆனால் கணினி ஆன் ஆனதும் ஓடி விண்டோஸையோ உபுண்டுவையோ ஏற்றும் கிரப் என்ற சின்ன மென்பொருள், தன் மீதிப் பாகங்கள் ஏழாம் பார்ட்டிஷனில் இருப்பதாகவே குறித்து வைத்திருந்தது. அங்கே போய்த் தேடியது, ஏழு என்று ஒன்றே இல்லை, நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஃபைல் ஒன்றும் போகவில்லை, ஒரு பைட்கூட அழியவில்லை. முகவரி மட்டும் மாறியிருந்தது.

இதைச் சரிசெய்ய அந்தக் கருப்புத் திரையிலேயே வழி உண்டு. 'எல்எஸ்' என்று அடித்தால் டிஸ்க்கும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து, எதில் பூட் ஃபோல்டர் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'செட்' கட்டளையால் ரூட், ப்ரீஃபிக்ஸ் இரண்டையும் அந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். அப்புறம் 'இன்ஸ்மாட் நார்மல்', அடுத்த வரியில் 'நார்மல்'. வழக்கமான மெனு வந்துவிடும். உபுண்டுவுக்குள் போனதும் கிரப்பை ஒருமுறை மறுபடி இன்ஸ்டால் செய்தால் இந்தப் புதிய எண் நிலைத்துவிடும். நிதானமாகச் செய்தாலும் பத்து நிமிட வேலை.

கடையில் இருந்தவரிடம் நான் தெளிவாகத்தான் சொன்னேன். "இதுல ரெண்டு ஓஎஸ் இருக்குங்க. என் ஃபைல் நிறைய லினக்ஸ் பக்கம் இருக்கு. ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க." அவர், "டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது மேடம், நாங்க பாத்துக்குறோம்" என்றார். ரசீதில் 'ஓஎஸ் பிராப்ளம்' என்று மட்டும் எழுதினார். நான் சொன்னதை எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. போனேன். புது விண்டோஸ், நீல நிற வால்பேப்பர், டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின் மட்டும். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி, டி, ஈ என்று மூன்று டிரைவ். ஈ டிரைவ் 500 ஜிபி. அதைத் திறந்தேன். 'திஸ் ஃபோல்டர் இஸ் எம்ப்டி.'

"டிஸ்க்ல பேட் செக்டார் மேடம். டேட்டா அதுவா போயிருந்துச்சு. எடுக்கணும்னா ரெக்கவரிக்குத் தனி சார்ஜ் ஆகும், கேரண்டி கிடையாது" என்றார்.

நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது: "கழட்டி நம்ம சிஸ்டத்துல போட்டேன் மேடம். அந்த டிரைவ் ஓபனே ஆகல. ஃபார்மட் பண்ணணும்னு அதுவே கேட்டுச்சு."

இந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தை, அதாவது ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறையை, விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. லினக்ஸ் டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக விண்டோஸ் கணினியில் மாட்டினால், 'இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று ஒரு பெட்டி வரக்கூடும். டிரைவ் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது, அவ்வளவே. கேன்சல் அழுத்த வேண்டிய இடத்தில் அவர் ஓகே அழுத்திவிட்டார். லினக்ஸில் ஃபைல் இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்த டிஸ்க் அது.

கடை முதலாளி வந்தார், ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார், பேச்சு முடிந்தது. விண்டோஸ் போட்ட கூலியை வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த ஒரே சரியான காரியம், அந்த லேப்டாப்பை ஆன் செய்யாமல் வைத்தது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தாலே ஏதாவது டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். எழுத எழுத, அடியில் மிச்சம் இருப்பது அழியும். இந்த வேலை தெரிந்த ஒரு தோழி உபுண்டு லைவ் பென்டிரைவோடு, அதாவது டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவோடு, வந்தார். டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே பூட் செய்தோம்.

முதலில் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தோம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். 'ரீஅலோகேட்டட் செக்டார்' பூஜ்யம், 'பெண்டிங் செக்டார்' பூஜ்யம். அதாவது கெட்டுப்போன இடம் என்று டிஸ்க் எதையும் குறித்து வைத்திருக்கவில்லை. அடுத்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் பைட் பைட்டாக 2 டெராபைட் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தோம். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால், படிக்க முடியாத பகுதி பூஜ்யம். பேட் செக்டார் என்று சொன்ன டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை ஒரு தடங்கலும் இல்லாமல் படிக்க முடிந்தது.

இன்னொன்றும் பார்த்தோம். விண்டோஸ் ஒரு டிரைவை ஃபார்மட் செய்து எடுத்துக்கொண்டால், அதில் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். ஈ டிரைவில் அந்த ஃபோல்டர் உருவான நேரம், நான் லேப்டாப்பைக் கொடுத்த அதே நாள், பகல் 12.20. நான் கொடுத்தது 11 மணிக்கு. மூன்று நாள் ஆராய்ந்து பார்த்ததாகச் சொன்னார்களே, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபார்மட் முடிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மீட்பு வேலை முழுக்க நகலின் மேல்தான் செய்தோம். அவர்கள் செய்தது குயிக் ஃபார்மட். அது டிஸ்க் முழுவதையும் துடைக்காது. புது ஃபைல் சிஸ்டத்துக்கு வேண்டிய அட்டவணையைச் சில இடங்களில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஈஎக்ஸ்டி4 தன் தலைப்புக் குறிப்பை, சூப்பர்பிளாக் என்பார்கள், ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதில்லை. டிஸ்க்கை அது பிளாக் என்ற சின்னத் துண்டுகளாக எண்ணும்; ஒரு பிளாக் 4 கேபி என்றால் 32768ஆம் பிளாக்கில் ஒரு நகல், 98304ஆம் பிளாக்கில் இன்னொன்று என்று டிஸ்க்கின் உள்ளே அங்கங்கே வைத்திருக்கும். முன்பக்கம் அழிந்திருந்தாலும், 32768ஐ எடுத்துக்கொள் என்று சரிபார்க்கும் கருவிக்குச் சொன்னோம். அது நெடுநேரம் ஓடியது. திரையில் வரிசை வரிசையாக எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. முடிந்ததும் தோழி டிரைவைத் திறந்தார்.

என் ஃபோல்டர்கள். ஆசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகள், மெய்ப்புகள், ஆறு வருடமாகச் சேர்த்து வந்த என் சொல்தொகுப்பு. சில ஃபோல்டர்கள் பெயரை இழந்து 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' உள்ளே வெறும் எண்ணாகக் கிடந்தன, ஆனால் திறந்தால் உள்ளே ஃபைல்கள் பெயரோடு இருந்தன. நான் அழுதுவிட்டேன்.

சி டிரைவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே ஃபார்மட் மட்டும் நடக்கவில்லை, புது விண்டோஸே மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அச்சுக்குத் தயாராக இருந்த அந்த இரண்டு புத்தகங்களின் லேஅவுட் ஃபைல்களையும் பழைய விண்டோஸின் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தேன். ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பார்த்தோம். அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல், டிஸ்க்கில் கிடக்கும் துண்டுகளின் தொடக்கத்தை அடையாளம் கண்டு எடுத்துத் தரும். பெயர் கிடைக்காது, 'எஃப்' எழுத்தும் ஒரு நீள எண்ணும்தான். ஆயிரக்கணக்கில் வந்தவற்றை இரண்டு நாள் திறந்து பார்த்தேன். பாதி, விண்டோஸின் ஐகான்கள். என் லேஅவுட் ஃபைல் எதுவும் முழுதாக இல்லை.

இதுவே எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் லினக்ஸ் பக்கமும் அநேகமாக வந்திருக்காது. எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்யும்போது, இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று சிஸ்டம் டிஸ்க்குக்கே சொல்லிவிடும். டிரிம் என்று பெயர். அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் ஒரு தப்பான ஓகேவுக்குக்கூட இடம் கொடுக்கக் கூடாது.

உங்களுக்கு வரும் பழுது என்னுடையது போல இல்லாமலும் இருக்கலாம். புதிய கணினிகளில் யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை இருப்பதால், பெரும்பாலும் பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். கணினியை ஆன் செய்யும்போதே திறக்கும் பயாஸ் மெனுவில் உபுண்டுவை மேலே நகர்த்தினால் போதும். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல டூயல் பூட் கணினிகளில் 'எஸ்பேட் செல்ஃப் செக் ஃபெயில்ட், செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று வந்து லினக்ஸ் நின்றுபோனது. நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் மோக்யூடில் கருவியால், பழைய பூட் மென்பொருளைத் தடுக்கும் அந்த எஸ்பேட் பாலிசியை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செக்யூர் பூட்டை ஆன் செய்தால் சரியாகிவிடும். விண்டோஸ் பக்கம் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மட்டும், செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பூட்டிக்கொண்டு கீ கேட்கும்.

இவை எதிலும் டேட்டா போவதில்லை. பூட் ஆகாதது வேறு, டேட்டா போவது வேறு. லைவ் பென்டிரைவ் ஒன்றில் பூட் செய்து பாருங்கள். பத்துக்கு ஒன்பது தடவை உங்கள் ஃபைல்கள் அப்படியே கிடக்கும். முதலில் அவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், "லினக்ஸ் பார்ட்டிஷனை எப்படித் திறந்து பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். லைவ் பென்டிரைவ் என்றோ, தன்னிடம் லினக்ஸ் இருக்கிறது என்றோ சொன்னால் பேசலாம். "நம்ம சிஸ்டத்துல போட்டுப் பாத்துடலாம்" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ரசீதில் 'ஃபார்மட் செய்யக் கூடாது, டேட்டா லினக்ஸ் பார்ட்டிஷனில் உள்ளது' என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறார்கள் என்றால் கொடுக்காதீர்கள். பழுது டிஸ்க்கில் இல்லை, கீபோர்டிலோ திரையிலோதான் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள். முடிந்து வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் அங்கேயே உங்கள் ஃபைல் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

இரண்டு ஆசிரியர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். இருவரும் பொறுத்துக்கொண்டார்கள். லினக்ஸ் பக்கம் கிடைத்த மெய்ப்புகளை வைத்து முதல் புத்தகத்தை மறுபடி பக்கம் கட்டி அனுப்பிவிட்டேன். இரண்டாவதில் இன்று 112ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.