தங்க மூட்டு என்று சொல்லி 85,000 ரூபாய்

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்றி இன்று பதினெட்டாம் நாள். தையல் பிரித்தாகிவிட்டது, வாக்கர் பிடித்து நடக்கிறாள். எரிவது என் வயிறுதான்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனை. பெயர் போடவில்லை, பணம் கேட்டு இன்னும் அங்கேதான் அலைகிறேன்.

அறுவைக்கு முந்தின நாள், பேக்கேஜ் பேசும் தம்பி மேசைமேல் இரண்டு மாதிரிகளை வைத்தார். வெள்ளி நிறத்தில் இருந்தது கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை. பொன் நிறத்தில் இருந்தது டைட்டானியம் நைட்ரைடு பூசியது. "அண்ணாச்சி, சாதாரண மூட்டில் நிக்கல் உண்டு. ஆச்சிக்கு ஒவ்வாமை வந்தால் திறந்தா எடுக்க முடியும்?" என்றார். அம்மா பொன் மூட்டை முந்தானையால் துடைத்துப் பார்த்து, "திருடன் காலை வெட்டிக்கொண்டு போய்விட மாட்டானே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன். கவரிங் வளையல் வாங்கினால்கூட உரசிப் பார்க்கிற ஆள் நான். பேக்கேஜுக்கு மேல் 85,000, ரொக்கம். துண்டுச் சீட்டில் 'வரவு' என்று மட்டும் எழுதித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்தான் கோப்பைப் புரட்டினாள். மூட்டுப் பெட்டியின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தது. கோபால்ட் குரோம்! வெள்ளி மூட்டு!

முதல் நாள் போனேன், "ஸ்டோர் ஆள் லீவு." மறுநாள், "டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார்." மூன்றாம் நாள் அதே தம்பி, "ஆச்சி நன்றாக நடக்கிறார்கள்தானே, பிறகென்ன சார்?" என்றார். அண்ணாச்சி சாராகிவிட்டேன்.

வெள்ளி மூட்டு மட்டம் இல்லை. பெரும்பாலோருக்கு வைப்பது அதுதான். எந்த நிறமானாலும் முக்கியமாகத் தேய்வது நடுவில் இருக்கும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் தகடு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தபோது கோபால்ட் குரோமியத்துக்கு 54,720, டைட்டானியப் பூச்சுக்கு 76,600, வரி தனி. வித்தியாசம் 21,880. என்னிடம் வாங்கியது 85,000! அதுவும் வைக்காத பொருளுக்கு.

எந்த மூட்டு யாருக்கு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டின் வகை, கம்பெனி, விலை மூன்றையும் அறுவைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். மூட்டுக்குத் தனி பில் கேளுங்கள். ரொக்கம் வேண்டாம். டிஸ்சார்ஜ் அன்றே ஸ்டிக்கரைப் படியுங்கள், படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரேயில் பொன் நிறம் தெரியாது.