செம்பனைக்கு மேலே வானம்: எந்தக் கருவி நமக்குத் தோது?

எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதி முடித்த கையோடு தங்கை மகன் வந்து நின்றான். "மாமா, ராத்திரி வானத்தைப் படம் பிடிக்கணும். என்ன வாங்கலாம்?" எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில். "படம் அழகா இருந்தாப் போதுமா, இல்ல ஆராய்ச்சிக்கும் உதவணுமா?" என்று கேட்டேன். முழித்தான்.

கண் எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒளியைச் சேர்த்து வைக்காது. கேமராவில் வைக்கும் புகைப்படத் தகடு சேர்த்து வைக்கும். 1880இல் ஹென்றி டிரேப்பர் என்ற வானியலாளர் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தை 51 நிமிடம் திறந்து வைத்துப் படம் எடுத்தார். மூன்று ஆண்டு கழித்து ஆண்ட்ரூ காமன் என்பவர் அதையே எடுத்த படத்தில், தொலைநோக்கி வழியே கண்ணுக்கே தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன. ஹென்ரியெட்டா லீவிட் என்ற வானியலாளர் அமெரிக்காவில் உட்கார்ந்தபடி, பெரு நாட்டிலிருந்து வந்த தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1912இல் விண்வெளித் தூரத்தை அளக்க ஒரு வழி கொடுத்தார். அவர் அளந்த சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் மண்டலம் நம் ஊரில் தெற்கே 12 பாகைக்கு மேல் ஏறாது. அந்தப் பக்கம் ஈப்போ நகரத்து வெளிச்சம். அதை விட்டுவிடுவோம்.

ஆக, தேதியும் நேரமும் இருந்து, ஒளியை அளக்கவும் முடிந்தால்தான் அந்தப் படம் வானியலுக்கு உதவும். கைபேசி, டிஎஸ்எல்ஆர் கேமரா, டிராக்கர், தானியங்கித் தொலைநோக்கி என்ற நான்கு கருவிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

கைபேசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிக்சல் மாதிரியான போன்கள் 16 விநாடிப் படங்களை அடுக்கி நான்கு நிமிடம் வரை ஒளி சேர்க்கும். பால்வீதி நன்றாகவே வரும். ஆனால் மென்பொருள் மெருகேற்றிய படத்தில் எந்த விண்மீன் எவ்வளவு பிரகாசம் என்று நம்பி அளக்க முடியாது. வாட்சப் குழுவுக்கு அது போதும்.

பழைய டிஎஸ்எல்ஆர், முக்காலி. என் ஓட்டு இதற்குத்தான். 500ஐ லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று தெரியும் என்பார்கள். சின்ன சென்சார் என்றால் குவியத் தூரத்தை முதலில் 1.6ஆல் பெருக்க வேண்டும்; 18 மி.மீ. லென்சுக்கு 17 விநாடி வரும். நான் 10க்கு மேல் போவதில்லை. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் வான நடுக்கோட்டில் இருக்கும் விண்மீன்கள்தான் வேகமாக நகரும், நம் தலைக்கு மேலே ஓடுவது அந்தக் கோடுதான். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது. பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிக் கையால் திருப்ப வேண்டும். அளப்பதற்கு என்றால் கேமரா மெருகேற்றாத ரா கோப்பில், வேண்டுமென்றே ஃபோகஸைக் கொஞ்சம் விலக்கி எடுக்க வேண்டும். ஒளி பல புள்ளிகளில் பரவினால்தான் கணக்கு சரியாக வரும். 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவுக்கு அதன் ஒளி குறைந்தது. அந்த மாதிரி மாற்றத்தைப் பின்தொடர இந்தக் கேமராவே போதும். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் சங்கம், இப்படி ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை யார் அளந்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறது.

ஒரு தொல்லை, பூஞ்சை. மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த என் முதல் லென்சில் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன்.

அடுத்தது, பூமி சுழல்வதற்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர். வெளிநாட்டு வீடியோக்களில் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கிறது, கருவியின் அச்சை அதற்கு நேராக வைத்துவிடலாம். நமக்கு அது அடிவானத்திலிருந்து 5 பாகைதான். 12 மீட்டர் செம்பனை 100 மீட்டர் தள்ளி நின்றாலே மறைந்துவிடும். மரம் இல்லாத இடத்துக்குப் போனாலும் புகைமூட்டம் விடாது. திசைகாட்டி வைத்து உத்தேசமாகச் சரிசெய்தேன். அகல லென்சில் ஒரு நிமிடம் வரை சமாளித்தது, நீள லென்சில் எல்லாம் கோடு. கோயில் திடலில் அதோடு மல்லுக்கட்டிய ராத்திரிகளில் கொசுவுக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம்.

சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிக்குத் துருவ நட்சத்திரம் கட்டாயம் இல்லை. தான் எடுத்த படத்தை விண்மீன் வரைபடத்தோடு பொருத்தி, எங்கே பார்க்கிறோம் என்று தானே கண்டுபிடிக்கும். 50 மி.மீ. லென்ஸ், எடை 2.5 கிலோ. 10 விநாடிப் படங்களாக அடுக்கும், ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஃபிட்ஸ் கோப்பாகச் சேமிக்கலாம். வானியலாளர்கள் பயன்படுத்துவதும் அதே கோப்புதான். நேரம் பதிந்த படங்கள் என்ன செய்யும் என்பதற்கு அர்ஜென்டினாவில் பூட்டுச் சாவித் தொழில் செய்த விக்டர் பூசோ சாட்சி. 2016இல் தன் 40 செ.மீ. தொலைநோக்கியில் புதுக் கேமராவைச் சோதிக்க வரிசையாக எடுத்த படங்களில், ஒரு விண்மீன் வெடித்த முதல் வெளிச்சம் சிக்கிக்கொண்டது.

குறையும் உண்டு. பார்வை அகலம் இரண்டரை நிலவு அளவுதான், பால்வீதியை மறந்துவிட வேண்டியது. ஓரியன் நெபுலா நம் ஊரில் 80 பாகை வரை ஏறும். உச்சிக்கு அருகில் இந்த மாதிரிக் கருவிக்குப் படம் வேகமாகச் சுழன்று ஓரங்கள் இழுபடும். அது கிழக்கே பாதி உயரம் ஏறும்போதே எடுத்து முடித்துவிட வேண்டும். விலையும் இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டும். திருவாதிரையை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்ந்துவிட்டு வா, அப்புறம் இதைப் பேசலாம் என்றேன்.

"அப்போ பழைய கேமராவே வாங்கிக்கிறேன் மாமா. அந்த டிராக்கரை என்ன செய்யப் போறீங்க?"

"விற்கணும். உயரமான துருவ நட்சத்திரம் இருக்கிற ஊர்க்காரன் யாராவது சிக்குறானா பார்."